50 வருஷம் எம்பியா இருந்த பண்ணையார்: நார்ஃபோக் கோக் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருப்பா இந்த கோக்?

தாமஸ் வில்லியம் கோக். 1754ல பொறந்து 1842ல போய்ச் சேர்ந்தவரு. ரெண்டாம் ஜார்ஜ் காலத்துல ஆரம்பிச்சு விக்டோரியா ராணி வரைக்கும் அஞ்சு பேரோட ஆட்சியைப் பார்த்தாச்சு. இங்கிலாந்துக்கு கிழக்கால கடலை ஒட்டி இருக்குற நார்ஃபோக் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) ஹோல்கம்னு ஒரு பெரிய எஸ்டேட், அதுக்கு சொந்தக்காரரு. எழுத்துல கோக்னு இருந்தாலும் அந்தக் குடும்பத்துல குக்னுதான் சொல்லுவாங்க, நான் எல்லாரும் எழுதுற மாதிரி கோக்னே எழுதறேன்.

விவசாயம் பத்தி ஆங்கிலேய வரலாறு படிச்சவங்களுக்கு இவரு பேரு டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு), செம்மறி ஆடு இதோட சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா ஆளு கிட்டத்தட்ட 50 வருஷம் பார்லிமெண்ட்ல உட்கார்ந்திருந்தாரு, அந்தப் பக்கத்தை யாரும் அவ்வளவா பேசறதில்ல. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பத்திதான்.

எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்?

1776ல இருந்து 1784 வரைக்கும் நார்ஃபோக் எம்பி. அப்பறம் ஆறு வருஷம் கேப். 1790ல மறுபடி உள்ள போனவரு 1832 வரைக்கும் வெளிய வரவே இல்ல. நடுவுல 1807ல மட்டும் ரெண்டு மாசம் போல டெர்பிங்கற ஊருக்கு எம்பி, அது ஒரு தனிக் கூத்து, கீழ சொல்றேன்.

22 வயசுல எப்படி எம்பி ஆனாரு? அவ்வளவு திறமையா?

திறமையா, அதெல்லாம் யாரு கேட்டா. அப்பா வென்மன் கோக் நார்ஃபோக் எம்பி, 1776 ஏப்ரல்ல அவரு இறந்துட்டாரு, மே மாசம் பையன் அதே சீட்ல. அவ்வளவுதான் கதை.

ஆனா பையனுக்கு அதுல பெரிய ஆசை இல்லைங்கறதுதான் வேடிக்கை. நீ நிக்கலைன்னா ஒரு டோரி ஆளு வந்துருவான்னு சுத்தி இருந்தவங்க பயமுறுத்துனதாலதான் நின்னேன்னு வயசானப்பறம் அவரே மேடைல சொல்லியிருக்காரு. அவங்க குடும்பம் பரம்பரையா விக் கட்சி. ராஜாவோட அதிகாரத்துக்கு ஒரு கடிவாளம் வேணும்னு பேசுற பெரிய நிலச்சுவான்தாருங்க கூட்டம்தான் விக், ராஜா பக்கமும் சர்ச் பக்கமும் நிக்கறவங்களை டோரின்னு திட்டுவாங்க. இன்னைக்கு இருக்கற மாதிரி மெம்பர்ஷிப் கார்டு, கட்சி ஆபீஸ் எல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க, அது பாதி கொள்கை, பாதி சொந்தபந்தம்.

அதுக்கு முன்னாடி ஈட்டன்ங்கற பணக்காரப் பள்ளிக்கூடத்துல படிப்பு. யூனிவர்சிட்டிக்கு போகாம வெளிநாடு சுத்திட்டு வா, வருஷத்துக்கு 500 பவுண்டு தரேன்னு அப்போ ஹோல்கம் மாளிகைல இருந்த பெரிய பாட்டி சொல்ல, 1771ல கிளம்பி இத்தாலி பக்கம் போயிட்டாரு. ரோம்ல படோனிங்கற ஓவியர் இவரை மாறுவேஷ விருந்து டிரஸ்ல வரைஞ்ச படம் இன்னும் ஹோல்கம்ல இருக்கு. சில்க்கும் இறகும் வச்சு சும்மா மாப்பிள்ளை மாதிரி நிப்பாரு. இந்த ஆளுதான் பின்னாடி தோல் கால்சட்டையும் பூட்ஸுமா ராஜா முன்னாடியே போய் நின்னாருன்னு சொல்லுவாங்க. கவுண்டி எம்பிங்களுக்கு பூட்ஸோட அரசவைக்குள்ள வர பழைய உரிமை ஒண்ணு இருந்துச்சாம்.

எவ்வளவு பணக்காரரு?

கைக்கு வந்தப்போ சுமார் 30,000 ஏக்கர். வில்லியம் கென்ட்ங்கற கட்டிடக் கலைஞர் டிசைன் பண்ண, 1734ல ஆரம்பிச்சு 30 வருஷம் கட்டுன மாளிகை. கூடவே அப்பாவோட கடனும்.

இதுல ஒரு சுவாரஸ்யமான வருமானம், கெண்ட் கடற்கரைல டஞ்சனஸ் கலங்கரை விளக்கம் இவரோடது. அந்த வழியா போற கப்பல் எல்லாம் சரக்கு அளவுக்கு ஏத்த மாதிரி இவருக்கு கட்டணம் கட்டணும். அரசாங்கம் கொடுத்த உரிமத்துல வர்ற காசு அது. அரசாங்கப் பணத்துல சும்மா உட்கார்ந்து திங்கறாங்கன்னு அடுத்தவங்களை கட்சிக்காரங்களோட சேர்ந்து விளாசுன மனுஷன், 1792ல சாமுவேல் வயட்ங்கற கட்டிடக் கலைஞரை வச்சு அங்க புது விளக்கமே கட்டி வசூலை பக்காவா நடத்திக்கிட்டு இருந்தாரு. 1830கள்லதான் அது அவரு கைய விட்டுப் போச்சு.

எம்பிக்கு சம்பளம் உண்டா?

கிடையாது. 1911ல தான் சம்பளமே வந்துச்சு. அதுமட்டுமில்ல, கவுண்டி எம்பியா நிக்கணும்னா நிலத்துல இருந்து வருஷத்துக்கு 600 பவுண்டு வருமானம் இருக்கணும்னு 1711லயே சட்டம். ஆக ஏழை வீட்டுப் பையன் உள்ள வர வழியே இல்ல.

அந்த காலத்துல ஓட்டு எப்படி போட்டாங்க?

ஒரு கவுண்டிக்கு ரெண்டு எம்பி. வருஷம் 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் வச்சிருக்கற ஆம்பளைங்களுக்கு ஓட்டு, ஒருத்தருக்கு ரெண்டு ஓட்டு. நார்ஃபோக் முழுசுக்கும் நார்விச்ல மட்டும்தான் வாக்குச்சாவடி, கவுண்டியோட அந்த மூலைல இருக்கறவனும் அங்கதான் வரணும், அவனுக்கு வண்டி, தங்க இடம், சாப்பாடு, பீர் எல்லாம் வேட்பாளர் செலவு. நாள்கணக்குல ஓட்டு நடக்கும்.

ரகசிய ஓட்டு கிடையாது, 1872ல தான் வந்துச்சு. யாருக்கு போடறேன்னு எல்லார் முன்னாடியும் வாய்விட்டு சொல்லணும், அதை எழுதி வச்சு பின்னாடி புத்தகமாவே அச்சடிச்சு விப்பாங்க. உங்க நிலத்துக்காரரு அந்த புக்கை வாங்கி நீங்க யாருக்கு போட்டீங்கன்னு பார்க்கலாம். இதுக்கு மேல மிரட்டலே தேவையில்ல.

இவ்வளவு செலவுங்கறதால பெரிய குடும்பங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டு, நீ ஒண்ணு நான் ஒண்ணுன்னு சீட்டைப் பிரிச்சுக்குவாங்க, போட்டியே இருக்காது. கோக் ஜெயிச்ச தேர்தல்கள்ல பெரும்பாலானது அப்படித்தான். 50 வருஷம்னு சொல்றப்போ இதையும் மனசுல வச்சுக்கங்க.

பார்லிமெண்ட்ல என்னதான் பண்ணாரு?

பெரும்பாலும் எதிர்த்தாரு. அதுதான் அவரோட முழுநேர வேலை.

முதல்ல அமெரிக்கப் போர். அமெரிக்கா பிரிஞ்சு போகட்டும்ங்கற கட்சி இவரு. போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே தினமும் ராத்திரி சாப்பாட்டு மேஜைல ஜார்ஜ் வாஷிங்டன் பேரைச் சொல்லி கிளாஸைத் தூக்குவாராம், அதாவது எதிரிநாட்டு தளபதி பேருல. இதைச் சொல்லி அவரே பெருமைப்பட்டிருக்காரு. குடும்பக் கதைகள்ல இன்னும் ஒரு படி மேல போய், போரை நிறுத்துன தீர்மானமே இவருதான் கொண்டு வந்தாருன்னு சொல்லுவாங்க, அது ரொம்ப ஓவர். 1782 பிப்ரவரி 27ல அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தது ஜெனரல் கான்வே, 234க்கு 215ல ஜெயிச்சுது.

இவரு கொண்டு வந்தது அடுத்த வருஷம். 1783 பிப்ரவரில பிரதமர் ஷெல்பர்ன் பிரபு ராஜினாமா பண்ணிட்டாரு, ஒரு மாசமாகியும் நாட்டுக்கு மந்திரிசபையே இல்ல. கோக் பின்னாடி நின்ன விக் தலைவர் ஃபாக்ஸ், அமெரிக்கப் போரை நடத்துன பழைய பிரதமர் நார்த் ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க, அவங்களை கூப்பிட மூணாம் ஜார்ஜுக்கு கொஞ்சமும் மனசில்ல, இழுத்துக்கிட்டே இருந்தாரு. மார்ச் 24ல கோக் எழுந்து, ஜனங்களோட நம்பிக்கைக்கு உரிய ஒரு ஆட்சியை உடனே அமைக்கணும்னு ராஜாவைக் கேட்டு தீர்மானம் போட்டாரு. ஏப்ரல் ஆரம்பத்துல ராஜா பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தக் கூட்டணியை உள்ள விட்டாரு. என்னைக் கேட்டா, அவரோட 50 வருஷத்துல நாட்டோட போக்கையே கொஞ்சம் அசைச்ச நாள் அதுதான், அப்போ அவருக்கு வயசு 28.

1784ல ஏன் தோத்தாரு?

கண்டிப்பா சொன்னா தோக்கல, வாக்குப்பதிவுக்கு முன்னாடியே நிலைமை சரியில்லைன்னு தெரிஞ்சு வாபஸ் வாங்கிட்டாரு. நேத்து வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சுக்கிட்டு இருந்த ஃபாக்ஸும் நார்த்தும் பதவிக்காக கைகோர்த்தது ஜனங்களுக்கு அசிங்கமா இருந்துச்சு. அதுக்கு மேல ஃபாக்ஸ் கொண்டு வந்த இந்தியா மசோதா. கிழக்கிந்தியக் கம்பெனியோட நிர்வாகத்தை எடுத்து பார்லிமெண்ட் நியமிக்கற கமிஷனர்கள் கைல கொடுக்கணும்னு மசோதா, கம்பெனிக்காரங்க கொதிச்சுட்டாங்க, ராஜா மேல்சபைல சொல்லி அதைக் கவுத்தாரு, கூட்டணியைத் தூக்கிட்டு 24 வயசு பிட்டை பிரதமரா போட்டாரு. அடுத்த தேர்தல்ல ஃபாக்ஸ் ஆளுங்க கொத்துக்கொத்தா விழுந்தாங்க. அப்படி விழுந்தவங்களுக்கு 'ஃபாக்ஸின் தியாகிகள்'னு ஒரு கிண்டல் பேரு, கோக்கும் அதுல ஒருத்தர்.

நம்ம ஊருக்கு இதுல ஒரு சம்பந்தம் உண்டு. ஆற்காடு நவாபுக்கு கடன் கொடுத்து கொழுத்த சென்னை வெள்ளைக்காரங்க, பால் பென்ஃபீல்ட் மாதிரி ஆளுங்க, அந்தக் காசுல இங்கிலாந்துல சீட்டு வாங்கி உள்ள வந்துக்கிட்டு இருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தோட தயவுலதான் பிட் ஆட்சி நிக்குது, அதுக்கு கூலியாத்தான் நவாப் கடனை அப்படியே ஒத்துக்கிட்டாங்கன்னு 1785ல ஃபாக்ஸ் பக்கத்து எம்பி எட்மண்ட் பர்க் சபைல பொரிஞ்சு தள்ளுனாரு. ஆற்காட்டுச் சீமை விவசாயி கட்டுன வரி எங்க போய் சேர்ந்துச்சுன்னு பாருங்க.

அந்த ஆறு வருஷம் சும்மாவா இருந்தாரு?

விவசாயத்துல முழுசா இறங்குனாரு. களிமண்ணை வெட்டி மணல் நிலத்துல கொட்டி வளமாக்குறது, கோதுமை, டர்னிப், பார்லி, தீவனப் புல்லுன்னு நாலு வருஷ சுழற்சி, குத்தகைக்காரங்களுக்கு 21 வருஷ நீண்ட குத்தகை, உள்ளூர் ஆட்டை விட்டுட்டு சவுத்டவுன் ஆடு. இதெல்லாம் இவரே கண்டுபிடிச்சாருன்னு ஒரு காலத்துல புகழ்ந்தாங்க, இவரு வர்றதுக்கு முன்னாடி அந்த எஸ்டேட்ல ரெண்டு முயல் ஒரு புல்லுக்கு சண்டை போட்டுச்சுன்னு கூட சொல்லுவாங்க. பின்னாடி எஸ்டேட் கணக்கைப் புரட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இதுல பாதி இவருக்கு முன்னாடியே அங்க நடந்துக்கிட்டு இருந்ததுன்னு காட்டிட்டாங்க. இவரு பெருசா பண்ணது விளம்பரம். அதைக் குறைச்சு சொல்லல, நல்ல முறையை நாலு பேருக்குத் தெரியவைக்கறதும் ஒரு வேலைதானே.

ஆடு மயிர் வெட்டற விழாவுக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?

ரொம்பவே இருக்கு. வருஷா வருஷம் ஜூன் வாக்குல ஹோல்கம்ல செம்மறி ஆட்டுக்கு மயிர் வெட்டற சமயத்துல குத்தகைக்காரங்க கூடிப் பேசறதா ஆரம்பிச்சது, போகப் போக மூணு நாள் திருவிழாவாச்சு. காலைல குதிரைல ஏறி வயல் சுத்தறது, புது விதைக்கருவி எப்படி ஓடுதுன்னு பார்க்கறது, எந்த ஆட்டுக்கு எவ்வளவு எடைன்னு வாக்குவாதம், மத்தியானம் மாளிகைல நூத்துக்கணக்கான பேருக்கு பந்தி, அப்பறம் மணிக்கணக்கா வாழ்த்துரை. கடைசி விழா 1821ல, ஆயிரக்கணக்கான பேரு வந்தாங்க. வெளிநாட்டுத் தூதர்கள், ராஜா குடும்பத்து சசெக்ஸ் டியூக் எல்லாம் வந்து போன இடம்.

இப்போ யோசிங்க, டியூக்கும் குத்தகைக்காரரும் ஒரே கூடத்துல உட்கார்ந்து, விவசாயத்துக்கு, நல்ல குத்தகைக்கு, சுதந்திரத்துக்குன்னு கிளாஸைத் தூக்குறாங்க. இதுக்குப் பேரு பொதுக்கூட்டம் இல்லாம வேற என்ன? சபைல அவரு அதிகம் பேசறவரு கிடையாது, பேசறப்பவும் வரி, கோதுமை, போர்ச் செலவுன்னு சுருக்கமா முடிச்சுருவாரு. ஆனா வீட்டுல வருஷத்துக்கு மூணு நாள் ஒரு கவுண்டியையே உட்கார வச்சு சோறு போட்டு பேசறவருக்கு லண்டன்ல போய் தொண்டை கிழியக் கத்தணும்னு என்ன அவசியம்?

1806 தேர்தல் கலாட்டா என்ன?

கோக்கும் வில்லியம் விண்டமும் ஒரு அணி, எதிர்ல ஜான் உட்ஹவுஸ். ரெண்டு பக்கமும் காசை தண்ணியா எறைச்சாங்க. உட்ஹவுஸுக்கு ஆதரவா ரெண்டு பெரிய வீட்டு அம்மணிங்க அலங்கார வண்டில நார்விச் தெருவுல ஊர்வலம் வந்தாங்க. பதிலுக்கு எதிர்கோஷ்டி என்ன பண்ணாங்கன்னா, ஊர்ல இருந்த ரெண்டு பாலியல் தொழிலாளிங்களுக்கு அதே மாதிரி டிரஸ் போட்டு அதே மாதிரி வண்டில ஏத்தி சுத்த விட்டாங்கன்னு சொல்லப்படுது. சில்லறைத்தனம்தான். கோக் 4,000 ஓட்டுக்கு மேல வாங்கி முதல்ல வந்தாரு, விண்டமும் ஜெயிச்சாரு, ஆனா அவமானப்பட்ட தரப்பு விடல, வாக்காளருக்கு விருந்து வச்சு ஓட்டு வாங்குனாங்கன்னு பெட்டிஷன் போட்டு 1807ல தேர்தலையே ரத்து பண்ண வச்சிட்டாங்க.

இடைத்தேர்தல்ல இவங்க ரெண்டு பேரும் நிக்க முடியாது. அப்போ கோக்கோட தம்பி எட்வர்ட் டெர்பி எம்பி. தம்பி அங்க ராஜினாமா பண்ணிட்டு நார்ஃபோக்ல நிக்க, அண்ணன் டெர்பில நின்னு உள்ள வந்தாரு. மே மாசமே பொதுத்தேர்தல் வந்துச்சு, ரெண்டு பேரும் பழையபடி மாத்திக்கிட்டாங்க. விருந்து வச்சதுக்கு தண்டனை, ஒரு குடும்பத்துக்குள்ள நாற்காலி மாத்திக்கிட்டது, அவ்வளவுதான்.

மக்கள் பக்கம் நின்னவருன்னு சொல்றாங்களே?

எந்த மக்கள்னு கேட்கணும். 1816ல வருமான வரியை நீட்டிக்கக் கூடாதுன்னு எதிர்த்தாரு, அரசாங்கமும் 238க்கு 201ல தோத்துச்சு. கத்தோலிக்கர்களுக்கு உரிமை கொடுக்கணும்னாரு, தேர்தல் சீர்திருத்தம் வேணும்னாரு. எல்லாம் சரி. ஆனா 1815ல கோதுமை விலை குவார்ட்டருக்கு (அது அந்த ஊர் தானிய அளவு) 80 ஷில்லிங் தொடற வரைக்கும் வெளிநாட்டு கோதுமையை விடக் கூடாதுன்னு தானியச் சட்டம் வந்தப்போ அதுக்கு ஆதரவு. நிலத்துக்காரனுக்கு லாபம், ரொட்டி வாங்கித் திங்கறவனுக்கு அடி.

அந்த மார்ச்சுல நார்விச் கால்நடைச் சந்தைக்கு நண்பர் ஆல்பமார்ல் பிரபுவோட போனவரை கூட்டம் சூழ்ந்துக்கிச்சு, கல்லு பறந்துச்சு, ஓடித் தப்பிக்க வேண்டியதாப் போச்சு. ஒரு கசாப்புக்காரரு பட்டியைத் திறந்து காளையை கூட்டத்துக்குள்ள விட்டு காப்பாத்துனாருன்னு ஒரு கதை உண்டு. விக் பெரிய மனுஷங்களோட சுதந்திரப் பேச்சு எல்லாம் ரொட்டி விலைல வந்து முட்டி நின்னுரும், இவரும் அதுக்கு விதிவிலக்கு இல்ல.

மந்திரி பதவி ஏன் வாங்கல?

ஃபாக்ஸ் கோஷ்டி ஆட்சில இருந்ததே அபூர்வம், 1782லயும் 1783லயும் சில மாசம், 1806ல ஒரு வருஷம் போல. அதுவும் இவரு எந்தப் பதவிக்கும் அலையல. பிரபு பட்டத்தையே திரும்பத் திரும்ப வேண்டாம்னாரு, பட்டமில்லாத பெரிய மனுஷனா இருக்கறதுலதான் அவருக்கு கெத்து.

ஆனா கடைசில பட்டம் வாங்கிட்டாரே?

1837ல, 83 வயசுல. இங்கதான் மனுஷனோட வீம்பு தெரியும். அவங்க குடும்பத்துல முன்னாடி லெஸ்டர் பிரபுங்கற பட்டம் இருந்து வாரிசு இல்லாம போச்சு. 1784ல, கோக் சீட்டை விட்ட அதே வருஷம், பக்கத்து எஸ்டேட் டவுன்ஷெண்டுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துட்டாங்க. இவருக்கு அது ஆறாத புண்ணு. இவருக்கு வேணும்னா அதே பேருதான் வேணும்.

1830ல லின் ஊர்ல ஒரு விருந்துல மூணாம் ஜார்ஜோட படத்தைக் காட்டி, கைல ரத்தம் படிஞ்ச ஆளுங்கற மாதிரி பேசிட்டாரு. அப்போ ராஜா யாரு? அந்த ஜார்ஜோட மகன் நாலாம் வில்லியம். அவரு காலத்துல பட்டம் கிடைக்கவே இல்ல. விக்டோரியா வந்த கையோட கிடைச்சுது, 'ஹோல்கமின் லெஸ்டர் பிரபு'ன்னு. டவுன்ஷெண்ட் குடும்பத்துல பழைய பட்டம் இன்னும் உயிரோட இருந்ததால ஒட்டு சேர்த்துக் கொடுத்தாங்க.

குடும்பம்?

முதல் மனைவி ஜேன் மூலமா மூணு பொண்ணு. சொத்து தம்பி மகனுக்குப் போகும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்க, 1822ல 67 வயசுல ஆல்பமார்ல் பிரபுவோட மகள் ஆனைக் கல்யாணம் பண்ணாரு, பொண்ணுக்கு 18 வயசு. அதே வருஷக் கடைசில ஆண் வாரிசு. மொத்தம் அஞ்சு பையன், ஒரு பொண்ணு. அதுல எட்வர்ட்ங்கற பையன் 1849ல எஸ்டேட் வேட்டைக்காட்டுக் காவல்காரங்க குதிரைல போறப்போ மரக்கிளைல தட்டாத மாதிரி வட்டமா, கெட்டியா ஒரு தொப்பி வேணும்னு லண்டன் லாக் கடைல ஆர்டர் கொடுத்தாரு. அதுதான் பவுலர் தொப்பி, சாப்ளின் போட்டிருப்பாரே அது.

எப்போ அரசியலை விட்டாரு?

1832ல. தேர்தல் சீர்திருத்த மசோதா பாஸ் ஆச்சு, நார்ஃபோக்கை கிழக்கு மேற்குன்னு ரெண்டாப் பிரிச்சாங்க, 78 வயசுல போதும்னு ஒதுங்கிட்டாரு. வாழ்நாள்ல பெரும்பகுதி எதிர்க்கட்சில இருந்தவருக்கு அந்தக் கடைசி ரெண்டு வருஷம் தன் கட்சி ஆட்சில உட்கார்ந்து பெரிய மசோதாவுக்கு கை தூக்கற வாய்ப்பு.

ஹோல்கம்ல இப்போ என்ன பார்க்கலாம்?

வெல்ஸ்ங்கற கடற்கரை ஊருக்குப் பக்கத்துல இருக்கு, சீசன்ல மாளிகையைத் திறந்து விடுவாங்க, குடும்பம் இன்னும் அங்கதான். பார்க்குக்குள்ள 120 அடி உயரத்துல அவருக்கு ஒரு நினைவுத் தூண், இறந்தப்பறம் குத்தகைக்காரங்களும் மத்தவங்களும் காசு போட்டு எழுப்புனது. கிட்டப் போய் பாருங்க. நாலு மூலைல டெவன் மாடு, சவுத்டவுன் ஆடு, ஏர், விதைக்கருவி. நடுவுல குத்தகை எழுதிக் கொடுக்கற மாதிரி, ஆடு மயிர் வெட்டற மாதிரி சிற்பம். தூணோட உச்சில கிரேக்க பாணி இலைக்குப் பதிலா டர்னிப் இலை. பார்லிமெண்டுக்குன்னு ஒரு சிற்பம் கூட இல்ல. காசு போட்ட குத்தகைக்காரங்களுக்கு அவரு எம்பிங்கறது அப்படி ஒண்ணும் பெரிய விஷயமாத் தெரியல போல, 21 வருஷக் குத்தகைதான் தெரிஞ்சிருக்கு.